செத்த காலேஜில் நமக்கு என்ன வேலை?

(மங்கலத்தில் படிப்பு வட்டத் தோழர்கள் நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வாரத்தில் ஒரு நாள்தான் கம்பெனி லீவு. துணி துவைக்க, கறி எடுக்க, கொஞ்சம் தூங்க என்று ஆயிரம் வேலை கிடக்கிற நாளில் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேட்க இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். என்னை அழைத்த தோழர் போனிலேயே இரண்டு கேள்வி கேட்டுவிட்டார். "ஏனுங்க, அருங்காட்சியகவியல்னு நெசமாலுமே ஒரு படிப்பு இருக்குதுங்களா? இருந்தாலும் அதுல நமக்கு என்னங்க வேலை?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இருக்கிறது. பரோடா பல்கலைக்கழகத்தில் 1952லிருந்து இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1959லிருந்து. டெல்லியில் 1989இல் தேசிய அருங்காட்சியக நிறுவனம் தொடங்கினார்கள், இப்போது அது இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் நொய்டாவில் இயங்குகிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் இதற்கென்றே தனித்துறை உண்டு. பழம்பொருளைப் பாதுகாப்பது, பதிவது, காட்சிக்கு வைப்பது, அதற்குப் பக்கத்தில் என்ன எழுதி வைப்பது, இதெல்லாம் பாடம். இரண்டாவது கேள்விக்குத்தான் இன்றைய பேச்சு முழுவதும் தேவைப்படும்.

சென்னை எழும்பூரில் இருக்கிற அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. சென்னையின் எளிய மக்கள் அதற்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. படித்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. காலேஜ் வாசலை மிதித்தே இராத மக்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க முடிந்த காலேஜ் அது. அங்கே பாடம் நடக்கிறது, பாடம் செத்ததைப் பற்றி நடக்கிறது என்று கண்டுகொண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலேஜில் என்ன பாடம் நடந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழில் அறியப்படுகிற ஏழு தொகுதி நூலை 1909இல் வெளியிட்டவர், ரங்காச்சாரி என்ற உதவியாளரோடு சேர்ந்து. இன்றைக்கும் சாதிச் சங்கத்துக்காரர்கள் தங்கள் சாதி ஆண்ட சாதி என்று நிரூபிக்க முதலில் புரட்டுகிற புத்தகம் அதுதான். தர்ஸ்டன் மனிதர்களை அளந்தார். மண்டையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம். கவராயம் மாதிரி ஒரு கருவியை வைத்து சாதி சாதியாக அளந்து பட்டியல் போட்டார். மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு தாழ்ந்த சாதி என்று ரிஸ்லி போன்ற அதிகாரிகள் நம்பிய காலம் அது.

அந்த நூலின் முன்னுரையில் தர்ஸ்டனே ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். வயநாட்டில் பணியர் இனப் பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்து, பஞ்சடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் நிறுத்தப் போகிறார் என்று பயந்தார்களாம். அப்படிச் செய்ய முடிந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும் என்று அவர் அதன்மேல் ஒரு நகைச்சுவையும் செய்கிறார். அந்தப் பெண்கள் அருங்காட்சியகம் என்றால் என்ன என்பதை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகாமல் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் நான் என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். நெறியாளர் இன்னும் அந்த வரியை அடிக்கவில்லை.

இந்த அளவுகளை வைத்து எதிர்ப்பக்கம் ஒரு வேலையைச் செய்தவர் அம்பேத்கர். 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், கூர்யே தொகுத்திருந்த மூக்கு அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த அளவு அறிவியல் என்று நீங்கள் சொல்வது உண்மையானால், பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதானே அது காட்டுகிறது, பிறகு தீண்டாமைக்கு இன வேறுபாட்டை எப்படிக் காரணம் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். அளந்தவனின் நோட்டையே வாங்கி அவன் முன்னால் விரித்துப் போட்ட மாதிரி. நான் இந்தப் படிப்புக்கு வந்ததற்கு அந்த அத்தியாயமும் ஒரு காரணம்.

ஆகவே அருங்காட்சியகம் சாதிக்கு வெளியே சுத்தமாக நிற்கிற இடம், நாம்தான் போய் அங்கே சாதியை இழுத்து விடுகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குச் சொன்னார்கள். மே 18 உலக அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இந்த நாட்களில் பல்கலைக்கழகங்களில் கண்காட்சி வைப்பார்கள். பார்த்திருப்பீர்கள். ஒரு ஓலைக் குடிசை, முன்னால் கோலம், உரல், அம்மி, ஏர்க்கலப்பை, ஒரு வண்டிச் சக்கரம். பட்டுப்பாவாடையிலும் வேட்டியிலும் மாணவர்கள் நின்று செல்ஃபி எடுப்பார்கள். 'நம் கிராமம்' என்று பலகை இருக்கும். அந்தக் கிராமத்தில் ஊர் இருக்கும், சேரி இருக்காது. அப்படி ஒரு கண்காட்சியில், எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், கவலை இறைக்கிற தோல் சால் ஒன்றை வைத்திருந்தார்கள். பக்கத்தில் அட்டை: 'கவலைச் சால். பண்டைத் தமிழரின் நீர் மேலாண்மை.'

இங்கே இருபது வயதுத் தோழர்கள் கவலையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மோட்டார் வருவதற்கு முன்னால் கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் கவலைதான். கிணற்று மேட்டிலிருந்து சரிவில் மாடு இறங்கும், வடம் இழுக்கும், கிணற்றுக்குள்ளிருந்து நீர் நிறைந்த சால் மேலே வரும். அந்தத் தோலை உரித்து, ஊற வைத்து, தைத்துக் கொடுத்தவர்கள் மாதாரிகள், அதாவது எங்கள் ஆட்கள். என் தாத்தா தைத்திருக்கிறார். தையல் விட்டுப்போனால் அந்த நேரமே ஓட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் நின்றால் பயிர் நிற்கும். கூலி என்று தனியாகக் கிடையாது, அறுப்பு முடிந்ததும் களத்தில் அளந்து போடுகிற தானியம்தான். அந்தக் கை தைத்த தோல் நாள் முழுக்கக் கிணற்றுக்குள் போய்வரும். தாகம் எடுத்தால் அந்தக் கை அதே தண்ணீரை மொண்டு குடிக்க முடியாது, மேலேயிருந்து யாராவது ஊற்ற வேண்டும் என்று தாத்தா சொல்வார். கோபமாகச் சொல்ல மாட்டார். வெயில் அடிக்கிறது என்பது போலச் சொல்வார்.

அட்டையில் ஒரே ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டேன். 'தைத்தவர்கள்: மாதாரிகள்' என்று மட்டும். "மரபைக் கொண்டாடுகிற இடத்துல சாதியை ஏம்மா கொண்டு வர்றே?" என்றார் பொறுப்பாளர். சாலை வைக்கலாம், தைத்தவரைச் சொன்னால் அது சாதி.

அருங்காட்சியகப் படிப்பில் எல்லோரும் கட்டடத்தைப் பற்றியும், ஒளியமைப்பைப் பற்றியும், இப்போது தொடுதிரை பற்றியும் பேசுவார்கள். என் கவனம் முழுக்க அந்த நான்கு விரல் அகல அட்டையின் மேலும், அதற்குப் பின்னால் அறையில் பூட்டி வைத்திருக்கிற பதிவேட்டின் மேலும்தான். ஒரு பொருள் உள்ளே வந்ததும் அதற்கு எண் கொடுத்து, என்ன பொருள், எதனால் ஆனது, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று பதிவேட்டில் எழுதுவார்கள். செய்தவர் யார், எந்தக் கூலிக்குச் செய்தார் என்பதற்கு அநேகமாகக் கட்டம் இருக்காது. 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய உலக அருங்காட்சியகக் கழகம் புதிய வரையறை ஒன்றை ஏற்றது. எல்லோருக்கும் திறந்தது, எல்லோரையும் உள்ளடக்கியது என்ற பொருளில் சொற்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நல்லதுதான். பதிவேட்டில் கட்டம் வந்தால் இன்னும் நம்புவேன்.

நம்ம ஊர்ப் பொருள் ஒன்றை வைத்தே சொல்கிறேன். நாடா. இப்போது நான் பேசும்போதும் பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் கேட்கிறது, அதில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கிற கட்டை. நாடா இல்லாத் தறிகள் வந்துவிட்டதால் பழைய நாடாக்கள் எடைக்குப் போகின்றன. கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு கண்ணாடிப் பெட்டியில் வரும். அட்டை எப்படி இருக்கும்? 'நாடா. மரம், இரும்பு. இருபதாம் நூற்றாண்டு.' எல்லாம் சரியான தகவல்.

பம்பாய் பஞ்சாலைகளில் இந்த நாடாவுக்கு ஒரு வரலாறு உண்டு. தார் தீர்ந்துபோனால் புதுத் தார் போட்டு, நூல் நுனியை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்த ஷிப்ட்காரர் வாய் வைப்பார். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். அதனால் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமே இல்லை. கூலி குறைந்த நூற்புப் பிரிவோடு நின்றார்கள். 1928இல் பம்பாயில் மாபெரும் பஞ்சாலை வேலைநிறுத்தம் நடந்தபோது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாக வை என்று தொழிற்சங்கத் தலைமையிடம் அம்பேத்கர் வற்புறுத்தினார். முதலாளியை எதிர்த்து ஒன்றாக நின்ற தொழிலாளர்களுக்கு நடுவிலேயே இந்தச் சுவர் நின்றது. 1938இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகளை அவர் சொன்னதற்குப் பின்னால் இந்த நாடாவும் இருக்கிறது.

அகமதாபாத்தில் காலிகோ துணி அருங்காட்சியகம் இருக்கிறது. 1949இல் சாராபாய் குடும்பம் தொடங்கியது, உலகப் புகழ் பெற்றது, மொகலாயர் காலத் துணி, கோயில் திரை எல்லாம் உண்டு. பக்கத்திலேயே கோவை அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் துணி அருங்காட்சியகம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். போகிறபோது ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நின்று, இதை யார் தொட முடிந்தது, யார் தொட முடியவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு டிக்கெட் கிடையாது.

இனி நம் ஆற்றுக்கு வருகிறேன். மங்கலத்தைத் தாண்டுகிற நொய்யல், திருப்பூர் வழியாகக் கிழக்கே போய்ச் சென்னிமலைப் பக்கம் கொடுமணலைத் தொடுகிறது. பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் அதுதான் என்கிறார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பிறகு 2012, 2013இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவும் அங்கே தோண்டினார்கள். தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள், கல்மணிகள், இரும்பு உருக்கிய உலை, நூல் நூற்கிற தக்களி வட்டுகள். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் நொய்யல் கரையில் நூல் நூற்றார்கள் என்று நமக்கும் பெருமைதான்.

அந்தக் கொடுமணலுக்குப் பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டியது. சில வருடங்களிலேயே திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்குகிற குட்டையாகிவிட்டது. கீழே உழவர்கள் வழக்குப் போட்டார்கள், கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மூடியபோது வேலை போனவர்கள் யார், அதற்கு முன்னால் கையுறை இல்லாமல் சாயத்தில் கை விட்டவர்கள் யார், கழிவுத் தொட்டியில் இறக்கப்படுகிறவர்கள் இன்றைக்கும் யார்? ஒரே ஆற்றின் கரையில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தக்களி மரபாகிறது, இருபது ஆண்டுக்கு முந்தைய சாயம் கறையாகிறது. பல்கலைக்கழகத்து மரபு நடை கொடுமணலுக்கு வரும், அணைக்கு வராது. பேருந்தில் அதிக தூரமில்லை.

கீழடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 மார்ச் 5இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். நம் தோழர்கள் குடும்பத்தோடு போய் வந்தீர்கள், நானும் போனேன், மகிழ்ச்சி. அங்கே சாதி அடையாளம் கிடைக்கவில்லை என்று நாம் பேசிப் பேசி மகிழ்கிறோம். சரி. அந்தக் கட்டடத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் கவனித்து வையுங்கள். சாதி இல்லாத ஒரு பழங்காலம் கிடைத்துவிட்டால் நிகழ்காலத்துக்கு விடுப்பு எடுத்துக்கொள்கிற பழக்கம் முற்போக்காளர்களிடமும் இருக்கிறது.

திருப்பூருக்கென்று நாளைக்கே ஒரு பின்னலாடை அருங்காட்சியகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்படியிருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுவேன். நுழைவாயிலில் கொடிகாத்த குமரன். உள்ளே பழைய பின்னல் மெஷின் ஒன்று. 1925 வாக்கில் கல்கத்தாவிலிருந்து மெஷின் கொண்டுவந்து இங்கே முதல் பனியன் தொழிலைத் தொடங்கியவர் குலாம் காதர் என்ற இஸ்லாமியர் என்பதைச் சிறிய எழுத்தில் போடுவார்கள். பிறகு கூடம் கூடமாக உழைப்பால் உயர்ந்த முதலாளிகளின் படங்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி 2004இல் ஆங்கிலத்தில் ஒரு நல்ல நூல் எழுதினார். கவுண்டர் முதலாளிகள் தங்கள் ஏற்றத்துக்குக் காரணமாகத் தங்கள் உழைப்பைத்தான் சொல்கிறார்கள், அந்த உழைப்பு என்ற சொல்லே அவர்களுக்கு ஒரு மூலதனமாக வேலை செய்கிறது என்பது அந்த நூலின் மையம். காட்டில் உழைத்த குடும்பம்தான், மறுக்கவில்லை. அதே காட்டில் பண்ணையத்துக்கு இருந்த மாதாரியும் உழைத்தார். அவர் உழைப்பு ஏன் மூலதனமாகவில்லை? நிலம் யாரிடம் இருந்தது, கடன் யாருக்குக் கிடைத்தது, சம்பந்தி யார் என்ற கேள்விகளை அந்தக் கூடத்தில் தொங்கவிட மாட்டார்கள்.

1984இல் இங்கே பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நூற்றிருபத்தேழு நாள் சம்பளம் இல்லாமல். அந்த நாட்களின் துண்டறிக்கைகள் எங்கே? உண்டியல் டப்பாக்கள் எங்கே? இன்று பெரியவர்கள் யாராவது வீட்டில் பரண்மேல் வைத்திருந்தால்தான் உண்டு. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அதுவும் போகும். சனிக்கிழமை சம்பளக் கவர், ஈஎஸ்ஐ அட்டை, பிசிறு வெட்டித் தேய்ந்த டிரிம்மர், என் அம்மா கைமடியாக இருந்தபோது கொண்டுபோன தூக்குப்போசி, ஒடிசாவிலிருந்து வந்த தம்பி கொண்டுவந்த தகரப்பெட்டி, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று மில் விடுதிக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போன சுமங்கலித் திட்ட நோட்டீஸ். ஒவ்வொரு பனியனின் கழுத்திலும் லேபிள் வைத்துத் தைக்கிற ஊர் இது. யாருடைய பெயரோ அதில் இருக்கும், தைத்தவர் பெயர் தவிர.

இந்த இடத்தில் நம் இயக்கத் தோழர்களே ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்வி. செத்ததைத்தானே கண்ணாடிக்குள் வைப்பார்கள்? இரட்டைக் குவளையை எடுத்து வைத்தால், ஓ, அந்தக் காலத்தில் இப்படி இருந்ததா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். சாதி இங்கே அருங்காட்சியகத்துக்குப் போகிற வயதில் இல்லை. 2018இல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு அருந்ததியப் பெண் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டு மறித்த ஊர்க்காரர்கள் இன்னும் நம்மோடுதான் டீ குடிக்கிறார்கள்.

எனக்கு இதற்கு முழுப் பதில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்று ஒரு பகுதி இருந்தது. 1966இல் அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் துரத்தி வீடுகளை இடித்தார்கள். 1994இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம். பழைய குடியிருப்போர் வந்து, இங்கே என் வீடு, இங்கே என் கடை என்று தங்கள் கையாலேயே எழுதினார்கள். மேலே தொங்குகிற தெருப்பெயர்ப் பலகைகளை இடிக்கும் வேலையில் இருந்த ஒருவரே கடலில் கொட்டாமல் ஒளித்து வைத்திருந்தார். அங்கே பொருள் செத்ததற்குச் சாட்சியாக இல்லை, நிலத்தைத் திருப்பிக் கேட்கிற வழக்குக்குச் சாட்சியாக இருந்தது. 2019 டிசம்பர் 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து அருந்ததியர் 17 பேர் செத்தார்களே, அந்தச் சுவரின் ஒரு கல்லை எடுத்து வைக்க வேண்டும் என்றால் நான் அப்படித்தான் வைப்பேன். ஆனால் அந்தக் குடும்பங்கள் சம்மதித்தால்தான். வேண்டாம் என்றால் வேண்டாம். பஞ்சடைத்து நிறுத்திவிடுவார்களோ என்று ஓடிய பெண்களின் பயம் நம்மைக் கண்டும் வந்துவிடக் கூடாது. அவமானத்தைக் காட்சிக்கு வைப்பதில் ஒரு ருசி உண்டு, நல்ல நோக்கத்தோடு வருகிறவர்களுக்கும் அந்த ருசி பிடித்துவிடும்.

கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். நூறு ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போடுங்கள். என்ன பொருள், யாருடையது, யார் செய்தது, என்ன கூலி, யார் தொடக் கூடாது என்றிருந்தது, கொடுத்தவர் எந்தெந்த நிபந்தனையோடு கொடுத்தார். பொருளை வாங்கவே வேண்டாம், போனில் படம் எடுத்துக்கொண்டு அவர்களிடமே விடலாம். கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தர வேண்டும். அவர் எந்த மொழியில் சொல்கிறாரோ அதில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் தெலுங்கு, பக்கத்து லைன் வீட்டில் ஒடியா. பிளஸ் டூ முடித்த தங்கைகள் யாராவது இந்தப் படிப்புக்கு வர நினைத்தால் விண்ணப்பம் போடுவதிலிருந்து கூட நிற்கிறேன். வேலை உறுதியா என்றால், இல்லை. காப்பாளர் நாற்காலிகள் குறைவு, அதில் நம் ஆட்கள் அதனினும் குறைவு.

நோட்டை நான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அந்த மேசைமேல் இருக்கிறது. கவலைச் சாலின் படம் ஒன்றை முதல் பக்கத்தில் ஒட்டி, தாத்தாவின் பெயரையும் எழுதியாயிற்று. இரண்டாவது எண் காலி. நாடா வைத்திருப்பவர்கள், 84 போராட்டத்து நோட்டீஸ் வைத்திருப்பவர்கள் இருந்தால் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். எடைக்குப் போட்டிருந்தாலும் எந்தக் கடை என்று சொல்லுங்கள், நாளைக்குக் காலையில் போய்ப் பார்த்துவிடலாம்.